அஞ்சுல ஒரு பங்கு

ஏனுங் தம்பி, நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க. தாய்மாமன் உசுரோட, கைகால் சொகமா இருக்கையில, கல்யாணப் பொண்ணுக்கு நெத்திப்பட்டம் கட்டறதுக்கு வேத்து ஆள் ஒருத்தரைக் கூப்புட்டு நிறுத்துனா அதுக்கு என்னங்க பேரு? ஆம்பளைகூட இல்லீங்க, பொம்பளை. சொந்தம், ஒறம்பரைன்னு எதுவுமில்ல. பொண்ணோட மில்லுல கூட வேலை செய்யறவ. நம்ம பக்கத்துல இப்படி எங்கியாச்சும் கேள்விப்பட்டிருக்கறீங்களா?

சித்தெ தள்ளி உக்காருங்க, அந்தக் கம்பி முதுகுல குத்துது. தாராபுரம் போறீங்களா? நான் குண்டடத்துல எறங்கிக்குவேன். முகூர்த்தம் ஒம்பதரைக்குள்ளன்னு பத்திரிகையில போட்டிருக்குது. பத்திரிகை எனக்கு வெக்கலீங்க. துளசிமணிக்கு வெச்சாங்க, அதான் என்ற சம்சாரத்துக்கு. அவ நேத்தே போயிட்டா. போகாதேன்னு சொல்லிப் பாத்தேன். "உங்க வீம்புக்கு நான் எதுக்குங்க கல்யாணச் சோத்தை உடோணும்"னு கேட்டுப்போட்டுப் பஸ் ஏறிட்டா. அவ வாய்க்கு நான் என்னைக்குங்க பதில் சொல்லியிருக்கறேன்.

என்ற பேரு நாட்ராயனுங்க. பல்லடத்துக்குப் பக்கத்துல ஒரு நூல் மில்லுல எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். மோட்டார், பேனல், வயரு, எல்லாம் என்ற பொறுப்பு. கல்யாணப் பொண்ணு மோகனா என்ற தங்கச்சி மக. தங்கச்சி பேரு தெய்வாத்தாள். தெய்வான்னுதான் கூப்புடுவோம். அவ இப்ப இல்லீங்க. அதைத்தான் சொல்ல வர்றேன். நீங்க தூங்கோணும்னா தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வர்றேன்.

எங்க மில்லுல ஒரு காலத்துல கரண்டு தண்ணியாட்டம் ஓடும். ஆரும் கேக்க மாட்டாங்க. மிஷின் நிக்கும், மோட்டார் ஓடும். ஆளில்லாத எடத்துல லைட்டு எரியும். அப்பத்தான் புது மேனேஜர் வந்தாரு. வந்த ஒடனே எங்களையெல்லாம் கூப்புட்டு வெச்சு, "ஒரு கிலோ நூல் ஓட்டறதுக்கு மத்த மில்லுக்காரன் செலவு பண்ற கரண்டை விட நாம எச்சாச் செலவு பண்றோம். இப்படியே போனா மில்லை இழுத்து மூட வேண்டியதுதான்"னாரு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க. நான் மட்டும் கேட்டேன். "சார், எது எத்தனை குடிக்குதுன்னு அளந்தோமுங்களா?"ன்னு. அவரு என்னையவே பாத்தாரு. "நீயே அளந்து சொல்லு"ன்னுட்டாரு.

அன்னிக்குப் புடிச்சதுங்க அந்தக் கிறுக்கு. கிளாம்ப் மீட்டர்னு ஒண்ணு இருக்குது, பாத்திருப்பீங்க. வயரைக் கவ்விப் புடிச்சாப் போதும், அதுல எத்தனை கரண்டு ஓடுதுன்னு காட்டிப்போடும். அதை இடுப்புல சொருகிக்கிட்டு மில்லு பூரா சுத்துனேன். ஒவ்வொரு மோட்டாரா, ஒவ்வொரு பேனலா. காத்துக் கொழாய்ல லீக் இருந்தாக் கம்ப்ரசர் சும்மா சும்மா ஓடுமுங்க. அதுக்கு சோப்பைக் கரைச்சுக்கிட்டுப் போய் ஒவ்வொரு ஜாயிண்ட்டுலயும் தடவிப் பாத்தேன். எங்க முட்டை உடுதோ அங்க ஓட்டை. மிஷின் ஓட்டற புள்ளைங்க எல்லாம் சிரிக்கும். "ஃபோர்மேனு மில்லுக்குத் தலைக்கு ஊத்தி உடறாரு"ன்னு பகடி பேசும். பேசட்டும். அளக்காத எதையும் நான் நம்ப மாட்டேனுங்க. அது என்ற கொள்கை.

ஊட்லயும் உடல. கிரைண்டர், மிக்ஸி, டீவி, ஒண்ணு உடாம அளந்தேன். துளசிமணி ஒரு நாளைக்கு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வந்து நின்னா. "சாமி, என்னையும் அதுல கவ்வ வெச்சுப் பாருங்க, நான் எத்தனை இழுக்கறேன்னு. எச்சா இழுத்தேன்னா எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிப் போடுங்க"ன்னா. அந்த மாதிரி ஆளுங்க அவ.

அப்பத்தான் ஃபேனுக்கு வந்தேன். தம்பி, இதுல ஒரு சூட்சுமம் இருக்குது, கேட்டுக்கங்க. ஊதற ஃபேனாகட்டும், உறிஞ்சற ஃபேனாகட்டும், அதோட வேகத்தை அஞ்சுல ஒரு பங்கு கொறைச்சீங்கன்னு வெய்யுங்க. கரண்டு எத்தனை கொறையும்? அஞ்சுல ஒரு பங்குன்னு நெனைப்பீங்க. அதுதான் இல்ல. பாதியாப் போயிரும். பாதி! வேகத்தை இத்தினியூண்டு தட்டி உட்டாப் போதும், கரண்டு பாதி நம்ம கையில. மொதல் தடவை அதை மீட்டர்ல பாத்தப்ப எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க. பொய் சொல்லல. கோயில்ல தீவாராதனை பாக்கறப்பக்கூட எனக்கு அப்படி ஆனதில்ல.

எங்க மில்லுல வேஸ்ட் ரூமுன்னு ஒண்ணு. நூலாகாம உதுர்ற பஞ்சு, தூசு, பருத்திக்கொட்டைத் தோலு எல்லாம் கொழாய் வழியா அங்க வந்து கொட்டும். பொம்பளைங்கதான் அதைப் பிரிச்சு மூட்டை கட்டுவாங்க. அந்த ரூமுத் தூசை உறிஞ்சி வெளிய தள்ளறதுக்கு ஒரு பெரிய ஃபேனு. அது சுவத்துக்கு இந்தப் பக்கம், ஃபேன் ரூமுல இருக்குது. வேஸ்ட் ரூமுல இருந்து ஒரு பெரிய கொழாய் சுவத்தைத் தாண்டி வந்து அதுல சேரும். மில்லு ஓடற வரைக்கும் அதுவும் ஓடிக்கிட்டே இருக்கும். என்னமோ புயல் அடிக்கற மாதிரி ஓ-ன்னு இரைச்சல். பக்கத்துல நின்னு பேசுனாக் காதுல உழுகாது. அத்தனை வேகம் எதுக்குன்னு ஆருக்கும் தெரியல. ஆரு கேட்டிருக்கறாங்க? மேனேஜர்கிட்டச் சொல்லி, வேகத்தைக் கூட்டிக் கொறைக்கற டிரைவ் பெட்டி ஒண்ணு வாங்கி மாட்டுனேன். திருகி அஞ்சுல ஒரு பங்கு கொறைச்சேன். கரண்டு டக்குனு பாதி. இரைச்சலும் அடங்கிப்போச்சு. பூனை உறுமறாப்புல அப்படி ஒரு நயம்.

தெய்வா அந்த வேஸ்ட் ரூமுலதான் இருந்தா. நான்தான் வாங்கிக் குடுத்த வேலை. மச்சான் லாரி ஓட்டப் போனவரு, மோகனா கைக்குழந்தையா இருக்கையிலயே ஆக்சிடெண்ட்டுல போயிட்டாரு. அப்பறம் அவளுக்கு எல்லாமே நான்தானுங்க. என்ற புள்ளையாட்டம் வெச்சிருந்தேன். மோகனாவுக்குக் காது குத்துனது என்ற மடியில. சீர் செஞ்சது நான். எந்தக் கொறையும் வெக்கல.

அவ ஒரு நாளைக்கு மூஞ்சியைச் சுத்தித் துண்டைக் கட்டிக்கிட்டு ஃபேன் ரூமு வாசல்ல வந்து நின்னா.

"ஏனுங்கண்ணா, உங்க ஃபேனு ஓடுதா, நின்னு போச்சுங்களா?"

"ஓடுது அம்மிணி. முன்னைக்கு இப்பத்தான் அழகா ஓடுது. சத்தம் இருக்குதா பாரு."

"சத்தமும் இல்ல, காத்தும் இல்லீங்கண்ணா. தூசு போக மாட்டீங்குது. எதுக்கால நிக்கறவ மூஞ்சி தெரியல."

நான் அவளைப் பக்கத்துல கூப்புட்டு மீட்டரைக் காட்டுனேன். "இத பாரு. போன வாரத்துக்கு இந்த வாரம் இன்னும் கொறைஞ்சிருக்குது. நான் கையே வெக்கல. தானாக் கொறையுது. இந்த மாதிரி எங்கியாச்சும் நடக்குமா?"

நெசமாலுமே அப்படித்தானுங்க. மொதல்ல பாதிதான் கொறைஞ்சுது. அப்பறம் வாரத்துக்கு வாரம் தானா எறங்குது. உறிஞ்சற தூசு வந்து தங்கற ஃபில்டரைத் தொறந்து பாத்தா அம்புட்டு சுத்தம். முன்னெல்லாம் மூட்டை மூட்டையா அள்ளுவோம் அதுல. இப்பத் தொடைச்சு வெச்சாப்புல இருக்குது. தூசே வர்றதில்ல. சாமிக்கே நம்ம வேலை புடிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்.

தெய்வா அந்த மீட்டரையே பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்கு என்ன புரியும். "உங்களுக்கு நல்லதுன்னாச் செரீங்கண்ணா"ன்னு சொல்லிப்போட்டுத் துண்டை இழுத்துக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. என்மேல அவளுக்கு அத்தனை பாசமுங்க.

நீங்க என்ன கேக்கறீங்க? ஆங், கொழாயா? நீங்களும் அதையே கேக்கறீங்க பாருங்க. எல்லாரும் பின்னால வந்துதான் கேப்பாங்க. வேகம் கொறைஞ்சதுல தூசு கொழாய்க்குள்ளயே தங்கி அடைச்சுக்கிச்சாம், காத்தே போகாததால மோட்டாருக்குச் சொமை கொறைஞ்சு கரண்டு எறங்குச்சாம். அடைச்சிருக்கலாம். நான் இல்லீங்கல. ஆனா நான் பாத்தது கரண்டை. கரண்டைக் கொறைன்னாங்க, கொறைச்சேன். கொழாயைப் பாருன்னு எங்கிட்ட ஆருமே சொல்லல.

வருசக் கடைசியில கேண்டீன்ல கூட்டம் போட்டு மேனேஜர் எனக்குப் பொன்னாடை போத்துனாரு. "நாட்ராயன் மாதிரி நாலு பேரு இருந்தா மில்லு பொழைச்சுக்கும்"னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. தெய்வா கடைசியில நின்னு தட்டுனா. தட்டிக்கிட்டே இருமறா. இருமிக்கிட்டே சிரிக்கறா. அந்த மொகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க.

அவளுக்கு அப்பவே இருமல். ஞாயித்துக்கெழமை நல்லா இருப்பா. திங்கக்கெழமை வேலைக்குப் போனா நெஞ்சை இறுக்கிப் புடிக்குதும்பா. "திங்கக்கெழமைன்னா எனக்கும்தான் இறுக்குது, லீவு முடிஞ்சு போச்சேன்னு"ன்னு பகடி பேசுவேன். அவளும் சிரிப்பா. பெரியாஸ்பத்திரி டாக்டரு பஞ்சுத் தூசுன்னாரு. அவங்க எதையாச்சும் சொல்லத்தானுங்க செய்வாங்க. எங்கய்யனுக்கும் இளைப்பு இருந்துச்சு. எங்க வமுசத்துக்கே நெஞ்சு கொஞ்சம் பலங்கொறைவு. எனக்கே மாடியேறுனா மூச்சு வாங்கும்.

கடைசியில திருப்பூர் ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். மூக்குல காத்துக் கொழாய் மாட்டியிருந்தாங்க. அதுல ஒரு கண்ணாடிக் குப்பிக்குள்ள சின்ன உருண்டை ஒண்ணு ஆடிக்கிட்டிருக்கும், எத்தனை காத்துப் போகுதுன்னு காட்டறதுக்கு. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். மூச்சுக்குக்கூட ஒரு அளவு கண்டுபுடிச்சு வெச்சிருக்கறானே மனுசன்னு நெனச்சேன். அவ என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, "மோகனாவைப் பாத்துக்கங்கண்ணா"ன்னா. அப்படிச் சொல்றதுக்கே அவளுக்கு நாலு மூச்சு வேண்டியிருந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் போயிட்டா. எனக்கு அத்தனை அழுகை எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க. எங்கம்மா செத்ததுக்குக்கூட நான் அப்படி அழுகல.

மில்லுல எரக்கப்பட்டு அவ வேலையை மோகனாவுக்கே குடுத்தாங்க. அதே வேஸ்ட் ரூமு. புள்ளை போன ஒடனே பண்ணுன மொத காரியம், அங்கிருந்த பொம்பளைங்களைச் சேத்துக்கிட்டுக் கொழாயைக் கழட்டித் தூர் வாருனதுதான். "முழங்கை வரைக்கும் பஞ்சு மாமா, கையை உட்டா வெளிய எடுக்க முடியல"ன்னு வந்து சொன்னா. எனக்கு வெசனம். வெசனம் எதுக்குன்னாக் கரண்டு ஏறிப்போச்சு. தானாக் கொறைஞ்சுதேன்னு சொன்னனில்ல, அது அத்தனையும் ஏறிப்போச்சு. ஆனாலும் பழைய பாதிக்குத்தான் வந்து நின்னுச்சு. அதனால ஒண்ணும் சொல்லல.

அதுக்கப்பறந்தானுங்க அந்தச் சத்தம்.

மொத நாள் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு, மீட்டர் பாக்க ஃபேன் ரூமுக்குப் போனேன். ஃபேனோட நயமான உறுமலுக்கு அடியில இன்னொண்ணு கேக்குது. உள்ள இழுக்குது. நடுவுல சிக்கி நிக்குது. அப்பறம் மெதுவா வெளிய உடுது. மறுபடி ஒரு இழுப்பு. பேரிங்குன்னு நெனச்சேன். பேரிங் தேஞ்சா அப்படித்தான் முனகும். புதுசு மாத்துனேன். நிக்கல. பெல்ட்டு மாத்துனேன், நிக்கல. வேற பேரிங் வரவழைச்சு அதையும் மாத்துனேன். அப்பறம் ஒரு நாளைக்குக் கொழாய்மேல காதை வெச்சுக் கேட்டேன். திருப்பூர் ஆஸ்பத்திரியில நாலு மூச்சு வாங்குனாளே, அதே மூச்சு. அதே எடத்துல சிக்குது. அதே எடத்துல அவுருது.

பயமான்னு கேக்காதீங்க. தங்கச்சிக்கு என்னங்க பயம்? மொதல்ல நடுங்குச்சு, மறுக்க முடியாது. அப்பறம் அவ அங்க இருக்கறாங்கறது எனக்கு ஒரு ஆறுதலாப் போச்சு. தெனமும் போவேன். "தெய்வா, மோகனா நல்லா இருக்கறா. வேலைக்கெல்லாம் கெட்டி"ம்பேன். "குண்டடத்துப் பக்கம் ஒரு சம்மந்தம் வந்திருக்குது, பையன் தங்கமானவன்"ம்பேன். அவ மூச்சை இழுத்து உடுவா. கேட்டுக்கறான்னு தெரியும் எனக்கு.

ஒரு நாளைக்குப் போனா ஃபேனு ஓ-ன்னு கத்துது. பழைய வேகம். ஆரோ திருகி முழுசா வெச்சிருக்கறாங்க. அந்த இரைச்சல்ல அவ மூச்சு எங்க கேக்கறது? கொறைச்சேன். மறுநாள் போனா மறுபடி முழு வேகம். கொறைச்சேன். மறுபடி ஏறுது. ஆரைக் கேட்டாலும் தெரியாதுங்கறாங்க. தெய்வாதான் ஏத்தறாளோன்னுகூட நெனச்சேனுங்க. எங்கூடப் பேசப் புடிக்காம கதவைச் சாத்திக்கறாளோன்னு.

காத்துக்கெடந்து புடிச்சேன். ஷிப்டு மாறுற நேரத்துல மோகனா வந்தா. நேரா பேனலைத் தொறந்து திருகறா.

"ஏன் அம்மிணி, மாமனுக்குத் தெரியாம இந்த வேலையா?"

"தெரிஞ்சா உடுவீங்களா?"

"எத்தனை யூனிட்டு போகுது தெரியுமா?"

"எத்தனை பேரு போறாங்க தெரியுமா மாமா?"

எதுத்துப் பேசறா பாருங்க. நான் கோவப்படல. பக்கத்துல கூப்புட்டுத் தலையைத் தடவி, மெதுவாச் சொன்னேன். "கொறைச்சே வெய்யி கண்ணு. அப்பத்தான் உங்கம்மா மூச்சு கேக்கும். உனக்கும் கேக்கும், காதை வெச்சுப் பாரு"ன்னு. அவ காதை வெச்சா. கொஞ்ச நேரம் கேட்டா. அப்பறம் என்னையப் பாத்தா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. அம்மா நெனப்புல அழுகறான்னு நானும் அழுதேன். மாமனும் மருமகளும் நின்னு அழுதோம். அதோட செரியாப் போகும்னு பாத்தா, மறுநாளும் முழு வேகம்! என்னங்க புள்ளை அது?

பேனலுக்குப் பூட்டுப் போட்டேன். சாவி எங்கிட்ட. வேஸ்ட் ரூமுப் பொம்பளைங்க மேனேஜர்கிட்டப் போய் முறையிட்டிருக்கறாங்க. அவரு, "நாட்ராயன் அளந்து வெச்சிருக்கறாரு, அவரு சொன்னாச் செரி"ன்னுட்டாரு.

அப்பறந்தான் கல்யாணம் நிச்சயமாச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வந்தா மோகனா. தனியா வரல. வேஸ்ட் ரூமுப் பொம்பளைங்க அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கறா. துளசிமணி காப்பி போடப் போயிட்டா. நான் நல்ல மனசோடதான் கேட்டேன். "மாமன் சீர் என்ன வேணும் சொல்லு. பட்டு காஞ்சிபுரமா, ஆரணியா?"ன்னு.

"பட்டு வேண்டாம் மாமா. அந்தச் சாவியைக் குடுங்க. எனக்கு அதுதான் சீர்."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. "நான் கல்யாணமாயி அந்த ஊருக்குப் போயிருவேன். இவங்க எங்க போவாங்க? எங்கம்மாவுக்கு ஆனது இவங்களுக்கு ஆகக் கூடாது. ஃபேன் முழு வேகத்துல ஓடோணும்"னா.

"அதெப்படி அம்மிணி முடியும்? கரண்டு..."

"மாமா, கரண்டை உடுங்க. நீங்க எதுக்குக் கொறைச்சு வெக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். அது எங்கம்மா இல்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் நாங்கதான் இருக்கறோம். நீங்க கேக்கறது எங்க மூச்சு. ராமாத்தாக்கா, நீங்க சொல்லுங்க."

ராமாத்தாள்னு ஒருத்தி, தெய்வாவோட சோடிக்கு வேலை செஞ்சவ. அவ முன்னால வந்தா. "ஏனுங்க... எங்களுக்கு... நெஞ்சு..."ங்கறா. ஒரு வார்த்தை, ஒரு இழுப்பு. நடுவுல சிக்கி நிக்குது, மெதுவா உடறா. தம்பி, எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. என்ற தங்கச்சி மூச்சு வாங்கற மாதிரியே வாங்கிக் காட்டறாளுங்க! அச்சு அசல். அதே எடத்துல சிக்க வெக்கறா. செத்தவளை இப்படியுமா பகடி பண்ணுவாங்க? அதும் அவ பொறந்த ஊட்டுலயே வந்து நின்னுக்கிட்டு! "எந்திரிச்சுப் போங்க எல்லாரும்"னு கத்திப்போட்டேன். துளசிமணி காப்பித் தட்டோட அப்படியே நிக்கறா.

சாவியைக் குடுக்கலீங்க. எப்படிங்க குடுக்கறது? முழு வேகத்துல ஓடுனா அந்த இரைச்சல்ல அவ எங்க போவா? ஒரு தடவை ஆஸ்பத்திரியில உட்டுட்டேன். மறுபடியும் என்ற கையாலயே தொரத்தி உடச் சொல்றாங்க.

மோகனா வாசப்படியில நின்னு திரும்பிப் பாத்தா. குரலே ஒசத்தல. "அப்ப எனக்குப் பட்டம் ராமாத்தாக்கா கட்டட்டும் மாமா. எங்கம்மா பக்கத்துல கடைசி வரைக்கும் நின்னவங்க அவங்கதான்"னுட்டுப் போயிட்டா. காது குத்துன மடிக்கு இதுதானுங்க மருவாதி. கேள்விப்பட்டப்ப ஊரே சிரிச்சுது. துளசிமணி எங்கூட ஒரு வாரம் பேசல. பேசுன அன்னிக்கு ஒரே வார்த்தைதான். "மீட்டரைக் கழட்டி வெச்சுப்போட்டு ஒரு நாளைக்கு அந்த ரூமுக்குள்ள போய் நின்னு பாருங்க"ன்னா. நான் எதுக்குங்க அங்க போகோணும்? அங்க என்ன மோட்டாரா இருக்குது, அளக்கறதுக்கு?

கல்யாணத்துக்குப் போறதில்லைன்னு முடிவு பண்ணிப்போட்டேன். இன்னிக்குக் காலையில எப்பவும் போல மில்லுக்குத்தான் போனேன். நேரா ஃபேன் ரூமு. தெய்வாகிட்டச் சொல்லோணுமில்லீங்களா, மகளுக்கு இன்னிக்கு முகூர்த்தம், உங்கண்ணனுக்கு அங்க எடமில்லைன்னு. வேற ஆருகிட்டப் போய் நான் சொல்லி அழுகறது?

ஃபேனு ஓடுது. அதே வேகம். மீட்டரைக் கவ்வ வெச்சுப் பாத்தேன், அதே கரண்டு, மயிரிழை மாறல. கொழாய்மேல காதை வெச்சேன்.

ஒண்ணுமில்லீங்க.

உறுமல் மட்டும் கேக்குது. அடியில ஒண்ணுமே இல்ல. கொழாயைத் தட்டிப் பாத்தேன். "தெய்வா, தெய்வா"ன்னு கூப்புட்டுப் பாத்தேன். இழுப்பும் இல்ல, சிக்கறதும் இல்ல. பேரிங்கா இருந்தா இன்னிக்கு மட்டும் எப்படிங்க சத்தம் நிக்கும்? வெளிய ஓடியாந்து வேஸ்ட் ரூமுப் பக்கம் பாத்தா அது பூட்டிக் கெடக்குது. ஜன்னல் வழியாப் பாத்தா பஞ்சு மூட்டை கட்டாமக் குமிஞ்சு கெடக்குது. வாட்ச்மேன், "அந்தப் பொம்பளைங்க ஒருத்தரும் வரலீங்க, அத்தனை பேரும் லீவு போட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க"ன்னான்.

அப்பத்தானுங்க எனக்குப் புரிஞ்சுது. அடப் பாவி, இதுகூடத் தெரியாம நிக்கறனேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். மகளுக்குக் கல்யாணம். பெத்தவ கொழாய்க்குள்ளயே உக்காந்திருப்பாளா? அவளும் போயிட்டா.

அதான் போட்ட சட்டையோட பஸ் ஏறிப்போட்டேன். சாவி பாக்கெட்டுலதான் இருக்குது. மகளோடயே இருந்துக்கறேன்னு அவ சொன்னா, மோகனா கையில சாவியைக் குடுத்தர்றேன். அப்பறம் ஃபேனு எந்த வேகத்துல ஓடுனா எனக்கென்ன? இல்ல, திரும்பி அங்கியே வர்றேன்னு சொன்னா அதைக் குடுக்க முடியாதுங்க. அவளையே கேட்டுப் போடோணும்.

அத்தனை கூட்டத்துல எப்படிக் கண்டுபுடிப்பேன்னா கேக்கறீங்க? மண்டபத்துல எத்தனை ஆயிரம் பேரு வேணாலும் இருக்கட்டும் தம்பி. மேளம் நிக்கற நேரமாப் பாத்து, சித்தெ கண்ணை மூடிக்கிட்டு நின்னேன்னாப் போதும். அந்த மூச்சு எங்கிருந்து வருதோ, நேரா அங்க போய் நின்னுக்குவேன்.